மலை சந்தித்த முதல் பந்து

மூன்று விளக்குகளும் சிவப்பாக எரிந்தன. பந்து விழுந்த இடம் சிவப்பு. காலில் பட்ட இடம் சிவப்பு. காலில் படாமல் போயிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும் இடமும் சிவப்பு. அதுவும் ஓரத்தை உரசிக்கொண்டு போகிற சந்தேகச் சிவப்பு அல்ல. நடு ஸ்டம்ப்பின் நட்டநடுவில் போய்க் குத்துகிற அப்பட்டமான சிவப்பு.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு பந்தை மறுபடி ஓட்டினார். சிவப்பு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை ஓட்டினார். சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

அந்தக் குளிர்சாதன அறையில் அவருக்கு முதுகில் வேர்த்தது.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. விளையாட்டுத் தொலைக்காட்சி நிலையத்தில், காலில் பட்ட பந்து எங்கே போயிருக்கும் என்று திரையில் கோடு இழுத்துக் காட்டும் இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்ததால் எல்லோருக்கும் அவர் கோடு. ஆட்டக்காரர்கள் அவுட்டா இல்லையா என்பது அவர் இழுக்கிற கோட்டில் இருந்தது. அவருடைய பிழைப்போ ஆட்டக்காரர்கள் முகம் சுளிக்காமல் இருப்பதில் இருந்தது.

அன்று மதியம் புது நிகழ்ச்சி ஒன்று நேரலையாகத் தொடங்கவிருந்தது. 'அன்றைய மட்டை, இன்றைய தீர்ப்பு' என்று பெயர். பழைய ஆட்டங்களின் படச்சுருளை இன்றைய இயந்திரத்தில் ஓட்டி, அந்தக் காலத்து அம்பயர்கள் யாருக்குத் தப்பாக அவுட் கொடுத்தார்கள், யாரைத் தப்பாக விட்டுவைத்தார்கள் என்று பார்த்து, பழைய மட்டை வீரர்களில் நிஜமாகவே பெரியவர் யார் என்று கண்டுபிடிக்கப் போகிறார்கள். முதல் விருந்தினராக வருகிறவர் மலை.

மலை என்றால் போதும், ஊருக்கே தெரியும். எல்லோரும் பொலபொலவென்று உதிர்ந்துபோன ஓர் ஆட்டத்தில் தனியாளாக நின்று, இருநூற்றுச் சொச்சம் ரன் எடுத்து, தோற்றுப்போன ஆட்டத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவர். அசைக்க முடியவில்லை என்பதால் மலை. விளையாட்டு மைதானத்து வாசலில் அவருக்குச் சிலைகூட இருக்கிறது.

அந்த ஆட்டத்தில் மலை சந்தித்த முதல் பந்துதான் இப்போது சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

படத்தில் ஒலி இல்லை. பந்து வீசியவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எகிறிக் குதிக்கிறார். சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் குதிக்கிறார்கள். தொப்பி நிழலில் முகம் தெரியாத அம்பயர் மட்டும், வெள்ளைக் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்கிறார்.

"அடப்பாவி மனுஷா," என்று கோடு அந்த அம்பயரைப் பார்த்து முனகினார். "ஒத்தை விரலைத் தூக்கியிருந்தா இன்னிக்கு நான் நிம்மதியா இருந்திருப்பேனே!"

மலை இப்போது ஆடுவதில்லை. ஆட்டங்களை எந்தத் தொலைக்காட்சிக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற கிரிக்கெட் சங்கத்துக்குத் தலைவர். அவர் முகம் கோணினால் நிலையத்துக்கே பூட்டுதான். கோட்டுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் மலையின் அக்கா மகனுக்கு ஒரு தடவை சிவப்பு விளக்கு போட்டார். இயந்திரம் போட்டது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இப்போது அதே கட்டடத்தின் வாசலில், கார் நிறுத்துமிடத்துச் சின்னக் கூண்டில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறார். தினமும் காலையில் கோட்டைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கு சார்," என்பார்.

தொலைபேசியை எடுத்தார்.

"மேடம், கொஞ்சம் கீழே வர முடியுமா?"

"என்னய்யா, மெஷின் ரிப்பேரா?" என்றார் தயாரிப்பாளர் அம்மாள்.

"ரிப்பேரா இருந்தா கும்பிடு போட்டிருப்பேன் மேடம். நல்லா வேலை செய்யுது. அதான் பிரச்சினை."

தயாரிப்பாளர் வந்தார். பந்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அவுட்டா?"

"நடு ஸ்டம்ப் மேடம்."

"அப்போ அந்த இருநூத்திச் சொச்சம்?"

"மெஷின் கணக்குப்படி முட்டை."

"மெதுவா பேசுய்யா!" என்று அவர் அலறினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, தானும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை வேற யாரு பார்த்தாங்க?"

"நானும் நீங்களும்தான்."

"நான் பார்க்கலை. புரியுதா? நீயும் பார்க்கலை. அந்த ஒரு பந்தை வெட்டி எறி. ரெண்டாவது பந்துலேர்ந்து ஆரம்பிச்சுக்கோ."

கோட்டுக்கு உயிர் வந்தது. வெட்டினார். வெட்டிய கை மேசையை விட்டு எழுவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு புள்ளி வந்து நின்றார்.

புள்ளி என்பவர் நிலையத்தின் புள்ளிவிவரக்காரர். எந்த ஆட்டக்காரர் எந்த ஊரில் எத்தனை ரன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"மேடம், ஒரு விஷயம் யாருக்குமே புரிய மாட்டேங்குது," என்று நின்றபடியே ஆரம்பித்தார். "ஒரு மட்டை வீரர் பெரியவரா இல்லையாங்கறதுல பாதி அம்பயர் கையில இருக்கு. அந்தக் காலத்துல காலை முன்னாடி நீட்டிட்டா எல்.பி.டபிள்யூ குடுக்கவே மாட்டாங்க. சொந்த ஊர்ல ஆடினா சொந்த ஊர் அம்பயர். வெளியூர் போனா, மட்டையில பட்டுக் கால்ல பட்டாலும் கிளம்புன்னு கையைத் தூக்கிடுவாங்க. ஒருத்தருக்கு லாபம், ஒருத்தருக்கு நஷ்டம். இதையெல்லாம் கூட்டிக் கழிச்சாத்தானே மலை நிஜமா எவ்வளவு உயரம்னு தெரியும்?"

"தெரியாட்டி என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் கோடு, தன்னை மறந்து.

புள்ளியின் கண் திரைக்குப் போனது. "இது ரெண்டாவது பந்தாச்சே! முதல் பந்து எங்கே?"

"படத்துல கீறல். ஒண்ணும் தெரியலை," என்றார் கோடு.

"நேத்து நான் பார்த்தப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சே! அது போகட்டும். மலை ஆபீஸ்லேர்ந்து இப்பத்தான் போன் வந்துச்சு. எதைக் காட்டினாலும் காட்டாட்டியும், முதல் பந்தைக் கண்டிப்பாக் காட்டணும்னு அவரே சொன்னாராம். நேரலைக்கு முன்னாடி தனியா இங்கேயே வந்து பார்ப்பாராம்."

தயாரிப்பாளர் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கோட்டுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் அகப்படவில்லை.

"எதுக்காம்?" என்றார் கோடு.

"எதுக்கோ! சோதிச்சுப் பார்ப்பாரா இருக்கும்."

சோதிச்சுப் பார்ப்பார். அந்த இரண்டு வார்த்தையும் கோட்டின் காதுக்குள் போய்க் குடித்தனம் வைத்துவிட்டன.

புள்ளியை ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, வெட்டின பந்தைத் திரும்ப ஒட்டினார். தயாரிப்பாளர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தார்.

"ஏதாவது பண்ணுய்யா."

"மேடம், ஒரே ஒரு வழி இருக்கு. இப்போல்லாம் மைதானத்தைச் சுத்தி கேமரா இருக்கு, மெஷினே அளந்துக்கும். இது ஒத்தைக் கேமராப் படம். ஸ்டம்ப் எங்கே இருக்குன்னு நான்தான் கையால குறி வெச்சுச் சொல்லணும். அதைக் கொஞ்சம் நகர்த்தினா..."

"நகர்த்து!"

"பாவம் இல்லையா மேடம்?"

"கார் நிறுத்துற இடத்துல வெயில் எப்படி இருக்கும்னு போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு, பாவமா இல்லையான்னு."

கோடு நகர்த்தினார். ஒரு விரல் அகலம். பந்தை ஓட்டினார். மூன்றாவது விளக்கு மஞ்சளாக மாறியது.

"மஞ்சள்னா?"

"சந்தேகம்னு அர்த்தம். அம்பயர் என்ன சொன்னாரோ அதுதான் தீர்ப்பு."

"மலை சந்தேகத்துல பொழைச்சவர்னு ஊரெல்லாம் பேசவா? இன்னும் நகர்த்து."

இன்னும் ஒரு விரல். பச்சை. இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். தயாரிப்பாளர் கோட்டின் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

ஆனால் ஸ்டம்ப்பை ஒரு பந்துக்கு மட்டும் நகர்த்த முடியுமா? முழு ஆட்டத்துக்கும் நகர்ந்துவிட்டது. அடுத்த ஓவரில் மலை மட்டையை உயர்த்தி அலட்சியமாக விட்ட பந்து ஒன்று உண்டு. அந்த அலட்சியத்தைப் பற்றியே கட்டுரைகள் வந்திருக்கின்றன. இப்போது படத்தில் அந்தப் பந்து சமர்த்தாக விக்கெட் கீப்பர் கைக்குள் போனது. திரையில் இழுத்த கோடோ ஸ்டம்ப்பை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது.

"இது என்னய்யா?" என்றார் தயாரிப்பாளர்.

"இந்தப் பந்துக்கு அவுட் ஆகிட்டார் மேடம்."

"நான் அவரைக் காப்பாத்தச் சொன்னேனா, ரெண்டாவது தடவை கொல்லச் சொன்னேனா?"

கோடு பந்து எழும்புகிற உயரத்தை ஏற்றினார். மலை விட்ட பந்து ஸ்டம்ப்புக்கு மேலே போனது. நல்லது. ஆனால் ஆட்டம் முழுக்க எல்லாப் பந்தும் எகிற ஆரம்பித்தது. உருண்டு வந்த ஒரு பந்து, கீப்பர் தலையையும் அவருக்குப் பின்னால் இருந்த வேலியையும் தாண்டி, ரசிகர்கள் மடியில் போய் விழுவதுபோல் கோடு வளைந்தது. அந்த உயரத்தைக் குறைக்கப் போனார். குறைத்தபோது எந்தப் பொத்தானில் கை பட்டதோ தெரியவில்லை, இந்தத் தாராள மனசு முழுதும் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருடைய படத்துக்கும் சேர்ந்து போய்விட்டது.

அது அவருக்குத் தெரியாது. புள்ளி வந்துதான் சொன்னார். சொல்லவில்லை, கூவினார்.

"மேடம்! சரித்திரமே மாறிப்போச்சு! புது மெஷின் கணக்கு இப்பத்தான் என் கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. அம்பயர் தப்பையெல்லாம் திருத்தினா முதலிடம் மலைக்கு இல்ல, இடக்கையருக்கு! அந்த மனுஷனுக்குப் போற ஊர்லல்லாம் அநியாயமா எல்.பி.டபிள்யூ குடுத்திருக்காங்க!"

இடக்கையர் என்கிற பெயரை மலையின் எதிரில் யாரும் எடுப்பதில்லை. சேர்ந்து ஆடிய காலத்திலேயே இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஒருவர் ஓடி வருவதை மற்றவர் பார்க்காமல் நின்றதால் ரன் அவுட் ஆனதுதான் அதிகம்.

தயாரிப்பாளர் கோட்டைப் பார்த்த பார்வையில் கார் நிறுத்துமிடத்தின் வெயில் தெரிந்தது.

"ஒரே நிமிஷம் மேடம், சரி பண்ணிடறேன்," என்று கோடு மேசைமேல் பாய்ந்தார். மற்றவர்கள் படங்களையெல்லாம் பழைய அளவுக்குத் தள்ளினார். மலை விட்ட பந்தை மொத்தமாகத் தூக்கி எறிந்தார். முதல் பந்தைத் தனிப் படமாக வெட்டி எடுத்து, அதில் மட்டும், இனி யாரும் வாய் திறக்க முடியாதபடி, ஸ்டம்ப்பைத் தாராளமாக நகர்த்தி வைத்தார். வேர்வையில் மூக்குக் கண்ணாடி வழுக்கிக்கொண்டே வந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. இரண்டே தட்டு. அவசரமில்லாத, கனமான தட்டு.

மலை உள்ளே வந்தார். சிலையில் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தார். கூடவே, கைப்பையை மார்போடு அணைத்தபடி, மெலிந்த ஓர் அம்மாள். அவருடைய மனைவி.

"இந்த ரூம் என்ன இப்படிக் குளிருது? பிணம் வைக்கிற இடம் மாதிரி!" என்றார் அந்த அம்மாள்.

மலை அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் உட்கார்ந்த பிறகும் அவர் உட்காரவில்லை. புள்ளியைப் பார்த்தார். அவ்வளவுதான், புள்ளி வாயைத் திறக்காமல் வெளியே போனார். புள்ளி வாயைத் திறக்காமல் ஓரிடத்தை விட்டுப் போனதைக் கோடு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அதுவே அவர் கிலியை இரட்டிப்பாக்கியது.

மலை கதவைத் தாழிட்டார். கோட்டின் அருகே வந்து குனிந்தார்.

"தம்பி, நீதான் மெஷினைப் பார்த்துக்கறதா?"

"ஆ... ஆமாம் சார்."

"அந்த முதல் பந்து. மெஷின் என்ன சொல்லுது?"

"அது வந்து சார்..."

"பயப்படாம சொல்லு. அவுட்டுதானே?"

மேலே இலை தழையைப் பரப்பி வைத்த குழி போல இருந்தது அந்தக் கேள்வி. தலையாட்டினால் தொலைந்தோம் என்று கோட்டுக்குத் தெரிந்தது. அக்கா மகனுக்குச் சிவப்பு போட்டதற்கே அந்தக் கதி என்றால், இவருக்கே சிவப்பு போட்டவன் கதி என்ன?

"ஐயோ, என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! அவுட்டாவது!"

மலையின் புருவம் நெளிந்தது. "நல்லாப் பார்த்தியா? நேரா கால்ல வாங்கினேன்பா. சத்தம் எனக்கே கேட்டுச்சு. போச்சுடான்னு பெவிலியன் பக்கம் ரெண்டு அடி எடுத்தும் வெச்சிட்டேன்."

"சாருக்கு எப்பவுமே தன்னடக்கம்," என்று தயாரிப்பாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"போட்டுக் காட்டு."

கோடு பொத்தானை அழுத்தினார். பந்து வந்தது. காலில் பட்டது. எல்லோரும் குதித்தார்கள். அம்பயர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். திரையில் கோடு கிளம்பி, ஸ்டம்ப்பை விட்டு விலகி, இடையில் ஒரு சைக்கிள் போகிற அளவுக்கு இடம் விட்டு, எங்கோ போனது. பச்சை. பச்சை. பச்சை.

மலை திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"இன்னொரு தடவை போடு."

போட்டார். பச்சை.

"மெஷின் தப்பா சொல்லலாம் இல்லையா?"

"மெஷின் பொய்யே சொல்லாது சார்." அதுவரை அது உண்மைதான் என்று கோட்டுக்குத் தோன்றியது. பொய்யெல்லாம் அவருடையது.

"அப்போ அந்த அம்பயர்... பார்த்தும் பார்க்காத மாதிரி என்னை விட்டுட்டார்னு..."

இதுதான் இடம் என்று கோடு நினைத்தார். இவருடைய பெருமைக்கு அம்பயர் காரணம் என்கிற பேச்சே இனி எழக்கூடாது. அதை இங்கேயே அடித்து நொறுக்கிவிட வேண்டும்.

"யாரு சார் அப்படிச் சொன்னது? பச்சைக் குழந்தையை நிக்க வெச்சாலும் நாட் அவுட்னுதான் சொல்லும். அந்த அம்பயர் உங்களுக்கு ஒரு உதவியும் செய்யலை சார்!"

"உதவி செய்யலையா?"

"எள்ளளவுகூட இல்ல! அவருக்கு நீங்க பட்ட கடன்னு ஒண்ணுமே கிடையாது. எல்லாமே உங்க திறமைதான்."

மலையின் முகம் வெளிறிப்போவதைக் கோடு கண்ணால் பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு மெதுவாகச் சரிந்து மேசையைப் பிடித்துக்கொண்டது. அசைக்க முடியாத மனிதர் அசைந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணுமே கிடையாதா?" என்றார் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. "அப்போ நான்... இத்தனை வருஷம்... அநியாயமா..."

"சார், தண்ணி?" என்றார் கோடு.

மலை தண்ணீரைக் கவனிக்கவில்லை. திரையில் எரிந்த பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று கோட்டுக்குப் புரியவில்லை. இரண்டில் எதுவானாலும் தன் கதை முடிந்தது என்று மட்டும் புரிந்தது.

"என்னய்யா பண்ணித் தொலைச்ச?" என்று தயாரிப்பாளர் கோட்டின் காதில் சீறினார்.

"நாட் அவுட்தானே மேடம் குடுத்தேன்! அதுக்குப் போயி யாராவது..."

மலையின் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கோடு நினைத்தார். சொன்னால் பொய்க்கோடு போட்ட குற்றம். சொல்லாவிட்டால், எது என்றே தெரியாத வேறொரு குற்றம்.

நாற்காலி கிறீச்சிட்டது. இத்தனை நேரம் குளிரில் சுருண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் எழுந்தார். கணவரை ஒரு பார்வை பார்த்தார். மலை சட்டென்று நிமிர்ந்து, இரண்டடி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றார். அம்மாள் நேராகக் கோட்டின் எதிரில் வந்து, கைப்பையை மேசைமேல் தொப்பென்று வைத்தார்.

"தம்பி, மரியாதையா அதைப் பழையபடி அவுட்டாக்கிடு," என்றார். "அந்த அம்பயர் எங்கப்பா, அன்னிக்கு அவுட் குடுக்காமக் காப்பாத்தினாரேங்கற நன்றிக்குத்தான் இந்த மனுஷன் என்னைக் கட்டிக்கிட்டாரு."